கம்பியை அறுத்துப் பார்த்தீர்களா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் அழைத்து, "உன் வேலையைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும், ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். "என் வேலை பல நாள் எனக்கே புரியறதில்லையே" என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. அந்தத் தண்டனையை இப்போது உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நாங்கள் படித்த நாளில் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே எதையும் தொடுவதற்கே பயம். அந்தப் பயத்தோடு வெளியே போன நான், இன்று சம்பளம் வாங்குவது ஓடுகிற கம்ப்யூட்டர்களின் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்ப்பதற்காக. புதிதாக ஒரு டேட்டாபேஸ் ரிலீஸ் வந்தால், அதை உண்மையான மக்களின் பணமும் கணக்கும் ஓடுகிற இடத்தில் ஏற்றலாமா, வேண்டாமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடத்தை நாங்கள் புரொடக்ஷன் என்போம்.

அதிலும் நான் பார்ப்பது ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாபேஸ் அல்ல. பல கம்ப்யூட்டர்களில் பரவி நிற்பது. இது என்ன என்று கேட்பவர்களுக்கு நம் விடுதி மெஸ்ஸை வைத்தே சொல்கிறேன். கெஸ்ட் டோக்கன் கணக்கை ஒரே நோட்டில் எழுதினால், அது தொலைந்த அன்று கணக்கும் தொலைந்தது. ஆகவே மூன்று நோட்டு வைக்கிறோம் என்று வையுங்கள். சமையலறையில் ஒன்று, வார்டன் அலுவலகத்தில் ஒன்று, மெஸ் செயலாளர் அறையில் ஒன்று. சமையலறை நோட்டு தலைமை நோட்டு. அதில் எழுதியது மற்ற இரண்டுக்கும் போக வேண்டும்.

இப்போது கேள்வி. எந்த நிமிடத்தில் நம் ஆள் "எழுதியாச்சு தம்பி, போங்க" என்று சொல்கிறார்? தன் நோட்டில் எழுதிய உடனே சொன்னால் வரிசை வேகமாக நகரும். ஆனால் அந்த நோட்டு சாம்பார் அண்டாவில் விழுந்தால் உங்கள் பணம் போச்சு. மூன்றில் இரண்டு நோட்டில் ஏறிய பிறகு சொன்னால் கொஞ்சம் தாமதம்தான். ஆனால் ஒரு நோட்டு போனாலும் இன்னொன்றில் கணக்கு நிற்கும்.

இன்னொரு சங்கடம் உண்டு. பெருமழை, சமையலறைக்கு வழி அடைத்துவிட்டது. மற்ற இருவரும் "அவர் வர மாட்டார் போல" என்று தங்களுக்குள் ஒரு புதுத் தலைமை நோட்டை வைத்துக்கொள்கிறார்கள். சமையலறைக்காரரோ உள்ளே உட்கார்ந்து தம்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார். மழை விட்டதும் இரண்டு கணக்கு. எதைக் கிழிப்பது?

இது கதையல்ல. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்துக்கு நடந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நெட்வொர்க் கருவி ஒன்றை மாற்றும் பராமரிப்பு வேலையில் இணைப்பு வெறும் 43 விநாடி அறுந்தது. அதற்குள் தலைமைப் பொறுப்பு மேற்குக் கரைக்குப் போய்விட்டது. கிழக்கில் எழுதியதில் சில மேற்கில் இல்லை, மேற்கில் எழுதியது கிழக்கில் இல்லை. அதைச் சீர் செய்ய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. 43 விநாடிக்கு ஒரு நாள் விலை!

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கே என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சின்னச் சின்னக் கடைக்காரர்களின் பண வரவைக் கையாளும் ஓரிடத்தில் அப்போது இருந்தேன். நாங்கள் வைத்திருந்த டேட்டாபேஸின் புது வெர்ஷன் வந்தது. பழையதைவிட வேகம். மேலதிகாரிகளுக்கு அவசரம், தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் ஏற்றியாக வேண்டும். எனக்கும் ஆசை. வேகம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

சோதனை செய்தது என் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். நாலு பக்க அறிக்கை கொடுத்தார். எல்லாம் சரி, சரி, சரி. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி: "சர்வர்களுக்கு நடுவே நெட்வொர்க் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. இரண்டு வாரம் தேவை." நான் படித்தேன். "இதெல்லாம் நடக்கிற காரியமாம்மா? பிறகு பார்க்கலாம்" என்றேன். "சரிங்க சார்" என்றார். மேலே அனுப்பிய பிரதியில் அந்த வரி இல்லை. எடுத்தது நான்தான்.

ஏற்றிய பதினோராம் நாள் இரவு ஒரு நெட்வொர்க் சுவிட்ச் படுத்துவிட்டது. சில நிமிடம்தான். எங்கள் தலைமை சர்வர் தனியாகப் பிரிந்து, "எழுதியாச்சு, எழுதியாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மற்ற இரண்டும் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தன. இணைப்பு வந்ததும் பழைய தலைவர் தன் கணக்கைத் தானே கிழித்துப் போட்டுவிட்டார். முந்நூற்றுச் சொச்சம் வரவுகள் காணாமற்போயின. பழைய வெர்ஷனுக்கே திரும்பலாம் என்று பார்த்தால், புதியது டிஸ்க்கில் எழுதும் முறையை மாற்றியிருந்தது. பழையதற்கு அது படிக்கத் தெரியவில்லை. திரும்பும் வழியும் இல்லை.

நாலு நாள் தூங்காமல், வங்கிப் பட்டியலையும் கடைக்காரர்களின் எஸ்.எம்.எஸ்.ஸையும் வைத்துக் கையால் சரி செய்தோம். ஒரு மளிகைக் கடைக்காரர் போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பணம் வந்துச்சுன்னு நீங்கதான் எஸ்.எம்.எஸ். அனுப்புனீங்க. இப்ப வரலைங்கறீங்க. நான் எதை சார் நம்புறது?" பதில் சொல்ல முடியவில்லை.

அதைவிட உறுத்துவது வேறொன்று. விசாரணைக் கூட்டத்தில், "டெஸ்ட் பண்ணினது யாரு?" என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எழுந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். மறுநாள் முதல் அறிக்கையின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, வரியை எடுத்தது நான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு நாள் தாமதத்துக்கு மன்னிப்பு உண்டா? சில மாதத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் எந்தப் புது ரிலீஸையும் நான்கு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

முதல் கேள்வி: "எழுதியாச்சு" என்று நீ எப்போது சொல்வாய்? விளம்பரத்தில் பதில் இருக்காது, அமைப்புகளில் இருக்கும். நாம் எதையும் மாற்றாமல் விட்டால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டும். மாங்கோடிபி என்ற பெயர் பெற்ற டேட்டாபேஸ், 2021-இல் வந்த 5.0 வரைக்கும், ஒரு சர்வரில் ஏறியதுமே சரி சொல்வதைத்தான் இயல்பாக வைத்திருந்தது. 5.0-இல் பெரும்பான்மை சர்வர்களில் ஏற வேண்டும் என்று மாற்றினார்கள். முன்பும் கேட்டால் பெரும்பான்மை கிடைத்திருக்கும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் கேள்வி: உன்னை அடித்தால் என்ன செய்வாய்? வேலை உச்சத்தில் இருக்கும்போது சர்வரைத் திடீரெனக் கொல்ல வேண்டும். கம்பியை அறுக்க வேண்டும். டிஸ்க்கை நிரப்ப வேண்டும். கடிகாரத்தை முன்னே பின்னே தள்ள வேண்டும். பிறகு, சரி என்று சொன்ன ஒவ்வொரு பதிவும் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். கைல் கிங்ஸ்பரி என்பவர் 2013 முதல் ஜெப்சென் என்ற பெயரில் இதைத்தான் செய்து வருகிறார். பெரிய பெயர் வாங்கிய பல டேட்டாபேஸ்களின் வாக்குறுதிகள் அவர் சோதனையில் உடைந்திருக்கின்றன. அவர் முடிவுகளைப் படியுங்கள். ஆனால் அவர் பார்த்தது அவர் பார்த்த வெர்ஷனை. உங்கள் வெர்ஷனை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

"அதுக்கு நூறு சர்வர் வேணுமே சார்?" என்று மாணவர்கள் கேட்பீர்கள். வேண்டாம். டொரண்டோ பல்கலைக்கழகத்தினர் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இப்படிப் பரவி நிற்கும் ஐந்து மென்பொருள்களில் நிஜமாக நடந்த 198 கோளாறுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 98 சதவீதத்தை மூன்று கம்ப்யூட்டருக்குள்ளேயே மறுபடி வரவழைக்க முடியும் என்று கண்டார்கள். பெரும் நாசம் விளைவித்த கோளாறுகளில் 92 சதவீதம், மென்பொருளே "இங்கே தப்பு" என்று தெரிவித்தும், அந்தத் தப்பைச் சரியாகக் கையாளாததால் வந்தவை. எச்சரிக்கை வந்தது, கவனிக்கவில்லை. அதைப் படித்தபோது என் கடைசி வரி ஞாபகம் வந்தது.

மூன்றாம் கேள்வி: திரும்பி வர வழி உண்டா? பழைய வெர்ஷனுக்கு இறங்க முடியுமா, எந்தக் கட்டம் வரை முடியும்? பாதி சர்வர் பழையது, பாதி புதியது என்று ஒரு நாள் ஓடினால் தாங்குமா? கடைசியாக, பேக்கப். எடுத்து வைத்தால் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். 2017 ஜனவரி கடைசி நாளில் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறிப்போய் உண்மையான டேட்டாவை அழித்துவிட்டார். ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆறு மணி நேர டேட்டா போயிற்று.

நான்காம் கேள்வி டேட்டாபேஸிடம் அல்ல, என்னிடமே: ஏன் இன்றைக்கே? எட்சீடி என்று ஒன்று உண்டு. குபர்நெட்டிஸ் என்ற பெரிய ஏற்பாட்டின் நினைவாற்றலே அதுதான். அதன் 3.5 வெர்ஷன் 2021 ஜூனில் வந்தது. 2022 மார்ச்சில், 3.5.0 முதல் 3.5.2 வரை புரொடக்ஷனில் பயன்படுத்த வேண்டாம் என்று அதைப் பராமரிப்பவர்களே அறிவித்தார்கள். வேலைப் பளு அதிகமாக இருக்கும்போது சர்வர் திடீரெனச் செத்தால், சர்வருக்குச் சர்வர் கணக்கு மாறிப்போகக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். ஏப்ரலில் வந்த 3.5.3-இல் திருத்தினார்கள். ஒன்பது மாதம்! நல்லவர்கள், திறமைசாலிகள், ஒளிக்காதவர்கள் செய்தது. அப்படியும் ஒன்பது மாதம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கசான்ட்ரா குழுவினர் தங்கள் 4.0-க்குப் புது அம்சங்கள் சேர்ப்பதை 2018 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டு, சோதனையிலும் பிழை திருத்துவதிலும் இறங்கினார்கள். வெளியிட்டது 2021 ஜூலையில். ஏறக்குறைய மூன்று வருடப் பொறுமை.

அப்படியானால் பழையதையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்றால், அதுவும் தப்பு. ஆதரவு நின்றுபோன பழைய வெர்ஷனில் இருப்பது, பிரேக் தேய்ந்த பஸ்ஸை "பழகின வண்டி" என்று ஓட்டுவது போல. நான் "வேண்டாம்" என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில், என்ன பார்த்த பிறகு, எந்தத் தேதியில் மறுபடி கேட்கலாம் என்றும் எழுதுகிறேன். முதலில் உண்மையான வேலையின் நகலை அதன் மேல் ஓடவிட்டு ஒரு மாதக் கடைசியையாவது தாண்ட வைக்கிறேன். பிறகு சின்ன வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறேன். அப்புறம்தான் பணம்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை இப்படி அறிக்கை எழுதுவீர்கள். எல்லாக் கட்டத்திலும் "சரி" போட வேண்டும் என்று நெருக்குவார்கள். "சரி", "தவறு" என்ற இரண்டோடு "பார்க்கவில்லை" என்று மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள். அதை நிரப்ப வெட்கப்படாதீர்கள். என்னைப் போல மேலே உட்கார்ந்திருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தக் கட்டத்தில் இருப்பதை அழிக்காதீர்கள். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வரிக்குக் கீழே உங்கள் பெயரைப் போட்டு ஏற்றுங்கள்.

முடிவாக ஒரு சின்ன விஷயம். எங்கள் பேட்ச் நண்பர்கள் சேர்ந்து நம் துறைக்கு மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு நெட்வொர்க் சுவிட்சும் தருகிறோம். இவற்றில் புரொஜெக்ட் ஓட வேண்டாம், மார்க் வேண்டாம். ஒரு டேட்டாபேஸை ஏற்றுங்கள், ஓடும்போது கம்பியைப் பிடுங்குங்கள், என்ன தொலைந்தது என்று எண்ணிப் பாருங்கள். செருப்பைக் கழற்றுவதும் கழற்றாததும் லேப் பொறுப்பாளர் சார் இஷ்டம். ஆனால் தொடுவதற்கு மட்டும் பயப்படாதீர்கள். இங்கே உடைந்தால் யாருடைய பணமும் போகாது.