நீட்டினால் நிமிருமா?

(மயிலாப்பூரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரை)



"கால் இழுத்துப் பிடிக்கிறதே, தினமும் நீட்டி மடக்கினால் சரியாகிவிடுமா?" என்று உங்களில் அநேகர் கேட்கிறீர்கள். அதற்கு முன் நம் நாட்டுச் சரித்திரத்திலிருந்து ஒரு காரியம் சொல்ல விரும்புகிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்துவிட்டது! கைக்குள் இருக்கும் சிறு தசைகள்தான் செயலிழந்தன, முன்கைத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். அந்த நல்ல தசையின் நாணை எடுத்து விரலில் இணைக்கும் அறுவை சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது.

ஆனால் வருஷக்கணக்காக மடங்கிய மூட்டு இறுகிப்போயிருக்கும். இறுகிய விரலில் எந்த நாணை இணைத்தும் பயனில்லை. ஆகவே கத்தி எடுக்கும் முன் எண்ணெய் தேய்த்து, மெழுகு ஒத்தடம் கொடுத்து, மெதுவாக நீட்டி, மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் விரலை இளக்க வேண்டும். இங்கே நீட்டுதல் வழியைத் திறக்கிறது. செத்த நரம்பை அது உயிர்ப்பிக்காது. உணர்ச்சியற்ற விரலைப் பலமாக இழுத்தால் மடிப்பில் தோல் கிழிந்து புண்ணாகும். வலி இல்லாததால் அவருக்கே தெரியாது. நமக்கோ "போதும்" என்று சொல்ல வலி இருக்கிறது.

பக்கவாதக்காரர், மூளைவாதக் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் உண்மையாகப் பேச வேண்டும். கையாலோ சிம்பினாலோ மாவுக்கட்டினாலோ ஏழு மாதத்துக்குக் குறைவாக நீட்டியதில், நரம்பு நோயாளிகளின் மூட்டு அசைவில் சொல்லத்தக்க பலன் கிடைக்கவில்லை என்று 2017-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அறிவித்தது. சைதாப்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் பிள்ளையைத் தூக்கி வரும் ஒரு தாயிடம் இதைச் சொல்வது எளிதல்ல. என்றாலும் அவள் நேரம் முழுவதையும் காலை இழுப்பதிலேயே செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைச் சரியாக உட்கார வைப்பது, பிடித்து நிற்க வைப்பது, தானே பொம்மையை எட்டி எடுக்க விடுவது, இவற்றுக்கும் நேரம் வேண்டுமே.

இனி நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் காலையில் நடக்கிறவர்களுக்கு. நீட்டினால் உடம்பு வளையும், உண்மைதான். ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் தசை நீளுவதில்லை, இழுப்பைத் தாங்கப் பழகுகிறோம். காயத்தைத் தடுக்கும் என்பதற்கோ பலமான ஆதாரமில்லை. ஆஸ்திரேலியாவில் 1538 ராணுவப் பயிற்சியாளர்களை வைத்துச் செய்து 2000-ல் வெளிவந்த ஆய்வில், முன்கூட்டி நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் கால் காயத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. மறுநாள் உடம்புவலியும் மிகச் சிறிதளவே குறைகிறது. ஆகையால் முதலில் மெதுவாக நடங்கள். உடம்பு சூடான பிறகு அரை நிமிஷம் நீட்டிப் பிடியுங்கள், குதித்துக் குதித்து இழுக்காதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் நீட்டவும் வேண்டாம், தைலம் போட்டு உருவவும் வேண்டாம். ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.