வேடமும் மனிதனும்



ஆட்டம் முடிந்ததும் நடிகன் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீடு திரும்புகிறான். ஆனால், கண்டவர் மனத்திலே படிந்துவிட்ட அரிதாரத்தை அவனால் கலைக்க இயலுமா? லியனார்டு நிமாய் என்னும் அமெரிக்க நடிகரின் வாழ்க்கை இதற்கொரு விடை தருகிறது.

உக்ரேனிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1931-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிறந்தவர் அவர். தந்தையார் முடி திருத்தும் தொழில் செய்தவர். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் 'ஸ்பாக்' என்ற பாத்திரத்தை நிமாய் ஏற்றார். கூரிய செவிகள், உணர்ச்சியை அடக்கி அறிவையே போற்றும் இயல்பு, தந்தை வேற்றுக் கிரகத்தவர், தாய் மானிடப் பெண். 79 பகுதிகளுடன் தொடர் நின்றது. ஸ்பாக் மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

1975-இல் தம் வரலாற்றை எழுதி, 'நான் ஸ்பாக் அல்லன்' என்று பெயரிட்டார். தங்கள் அன்புக்குரிய பாத்திரத்தை அவர் வெறுத்துவிட்டார் என்று ரசிகர் பலர் சினந்தனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அறிவோம்: 'அல்லேன்' என்பது வேறு, 'வேண்டேன்' என்பது வேறு. அவர் முன்னதைச் சொன்னார்; உலகம் பின்னதைக் கேட்டது.

உண்மையில், ஸ்பாக் விரல்களைப் பிரித்துக் கைகாட்டும் முறையே நிமாய் தந்ததுதான். இளமையில் யூதக் கோயிலில் குருமார் ஆசி வழங்கும்போது, பார்க்கலாகாது என்ற விதியை மீறி அவர் கண்ட முத்திரை அது. வேடம் அவரை ஆட்கொண்டது போலவே, அவரும் வேடத்துக்குத் தம்மை ஈந்திருந்தார். இருபது ஆண்டு கழித்து, 1995-இல் வெளியிட்ட நூலுக்கு 'நான் ஸ்பாக்' என்றே பெயர் சூட்டினார். 2015-இல் மறைந்தார்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கும் பிறர் சூட்டிய வேடம் ஒன்று உண்டு. சென்னையையே காணாத நெல்லைக்காரரும் இங்கே 'மதராஸி'தான். ஒரு நாள் நம் மகன் பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, நாம் மதராஸியா?" என்று கேட்டான். "இல்லை" என்று வெடுக்கென மறுத்தோம். அவன் முகம் வாடிற்று. தோழர்கள் ஆசையோடு அழைத்த பெயர் அது. 'அல்ல' என்று நாம் சொன்னது, 'வேண்டாம்' என்று அவன் செவியில் விழுந்துவிட்டது.

அன்றிரவு அவனை அருகில் அமர்த்தி, நம் ஊரின் பெயரையும், பாட்டனார் உழுத வயலையும், நம் மொழியையும் பற்றிச் சொன்னோம். "அவர்கள் அழைக்கும் பெயருக்கும் மறுமொழி கொடு, உன் பெயரையும் சொல்லிக் கொடு" என்றோம்.

மறுநாள் மாலை அவன் தோழன் ஒருவன் வாயிலில் நின்று, மகனின் பெயரைச் சொல்லி அழைத்தான். அதிலுள்ள 'ழ'கரம் மட்டும் அவனுக்கு வரவில்லை. வரும்.