நெல்லைக்குள் ஒரு மணி நேரம், ஆற்றோரம்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தாமிரபரணியைக் கடக்கிறார்கள், பார்ப்பதில்லை. நூற்றைம்பது கிலோமீட்டர் கரிசலும் சீமைக்கருவேலமுமாக வந்து சலித்த கண்ணுக்குச் சட்டென்று வயலும் தென்னையுமாகப் பச்சை தெரியும். "ஏ, ஆறு!" என்று பின்சீட்டில் யாராவது சொல்லி முடிப்பதற்குள் நான்குவழிச்சாலைப் பாலம் முடிந்துவிடும். அப்புறம் நாங்குநேரிக் காடுதான்.

அந்தப் பாலத்துக்கு முன்பே, தாழையூத்து தாண்டியதும், வண்டியை ஊருக்குள் திருப்புங்கள். அல்வாக்கடைக்கு வழி சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். டவுனிலிருந்து குறுக்குத்துறைக்கு எப்படிப் போவது என்று கேளுங்கள்.

குறுக்குத்துறையில் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் தெரிவது மருத மரங்கள். அடிமரம் வெளிறி, இரண்டு மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும் என்கிற அளவில் நிற்கின்றன. வெயில் அங்கேயே பாதி நின்றுவிடும். படித்துறையில் இறங்கினால் சோப்பு வாசனை, துணி அடிக்கும் சத்தம், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி வீட்டு வழக்கு பேசுகிற ஆண்கள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைப் பக்கம் போனால் ஒரு பெரியவர் நிச்சயம் குரல் கொடுப்பார்: "அண்ணாச்சி, அந்தக் கல்லுல கால வைக்காதிய, பாசி வழுக்கும்." கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தினமும் அங்கே குளிப்பவர்.

ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது முருகன் கோயில். கரையில் என்று நான் சொல்லவில்லை, ஆற்றுக்குள். ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் இது முங்கும். முங்கும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வருகிற பக்கத்துச் சுவரைப் பாருங்கள், படகின் முனை மாதிரி குவிந்திருக்கும். வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போய்விடும். மழைக்காலத்தில் அணைகளைத் திறக்கிறார்கள் என்று தகவல் வந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பவர், அவரை எங்கே தூக்குவது? அவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி விளக்கேற்றுவார்கள். திருச்செந்தூர் மூலவருக்குக் கல் எடுத்தது இந்தப் பாறையிலிருந்துதான் என்று இங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். ஆற்றை அணை போட்டு நிறுத்தப் பார்த்த எத்தனையோ கட்டுமானங்களை விட, வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற இந்தச் சின்னக் கோயில்தான் எனக்குப் பெரிய பொறியியலாகப் படுகிறது.

எப்போது போனாலும் தண்ணீர் இருக்குமா என்று கேட்பீர்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற இந்த ஆறு ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் இதற்குக் கிடைக்கின்றன. அதனால்தான் இந்தப் பக்கத்து விவசாயி கார், பிசானம் என்று இரண்டு போகத்தின் பெயரைச் சொல்லியே வருடத்தைக் கணக்கிடுகிறார். ஆனி, ஆடியில் மலையில் சாரல் விழுந்தால் இங்கே காற்றிலேயே தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் வந்தால் ஆறு பாறைகளுக்கு நடுவே மெலிந்து ஓடும். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் சாக்கடை கலக்கிற இடங்களும் அப்போதுதான் கண்ணில் படும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கரையோடே தொடர்ந்து நடக்கத் தோதான வழி இல்லை. மறுபடி வண்டியில் ஏறி, தைப்பூச மண்டபம் வந்து இறங்குங்கள். அங்கிருந்து தெரிகிற பாலம் சுலோசன முதலியார் பாலம். முன்பு திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே போக வேண்டுமானால் படகுதான் கதி. பரிசல் துறையில் நெரிசலும் அடிதடியுமாக இருந்த காலம் அது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுப் பாலம் கட்ட முன்வந்தார். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்த வளைவுகளோடு 1843இல் பாலம் திறக்கப்பட்டது. மனைவியின் நகையைக்கூடக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு சொந்தக் காசில் ஊருக்குப் பாலம் கட்டியவர் என்றால் இன்றைக்குக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பின்னால் அகலப்படுத்தியிருக்கிறார்கள், பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்துவிட்டது. பழைய வளைவுகளைப் பார்க்கக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

எதிர்க்கரை கொக்கிரகுளம், கலெக்டர் அலுவலகம் இருக்கிற இடம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக இங்கே வந்த ஊர்வலத்தில் தடியடி நடந்தது. ஆற்றில் இறங்கித் தப்பப் பார்த்தவர்களில் 17 பேர் உயிரோடு கரையேறவில்லை. இந்தக் கரையில் நிற்கிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே அலுவலக வளாகத்துக்குள்ளும் ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள்ளும் ஆறு புகுந்தது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மேலக்கோயிலுக்குச் சாமியைத் தூக்கிப் போகத் தெரிந்த ஊர், பேருந்து நிலையத்தை எங்கே வைப்பது என்பதில் அவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

கொஞ்சம் கீழே போனால் வண்ணாரப்பேட்டை, எழுத்தாளர் புதுமைப்பித்தன் வாழ்ந்த பகுதி. இன்று அங்கே இலக்கியத்தைத் தேடிப் போகிறவருக்குப் போக்குவரத்து நெரிசல்தான் கிடைக்கும். அதனால் ஒரு காப்பியோடு நகர்ந்துவிடலாம்.

கன்னியாகுமரிதான் போகவேண்டும் என்றால் கே.டி.சி. நகர் வழியாக மறுபடி நான்குவழிச்சாலை ஏறிவிடலாம், அங்கிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். அவசரமில்லாதவர்களுக்கு என் யோசனை வேறு. திருச்செந்தூர்ச் சாலையைப் பிடியுங்கள். இதே ஆறு கூடவே வரும். இருபத்து நான்கு கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூர். தாழி தாழியாக மனிதர்களைப் புதைத்த அந்தப் பரம்பில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பு தோண்டினார். இப்போது தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகள் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. அதையும் பார்த்துவிட்டால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பக்கம்தான்.