விண்ணப்பத்தை யார் எழுதுவது?

(நமது சங்கத்தின் கொல்கத்தா உறுப்பினர்கள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் படிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். வகுப்பில் முக்கால் மணிக்குக் குறைந்து பேசிப் பழக்கமில்லாதவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் இந்த விஷயத்தைப் பேசும்போது, வெளிநாடு போக முடியாத ஒருவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சர் சி.வி. ராமன். சென்னையில் எம்.ஏ. முடித்ததும் அவரை இங்கிலாந்துக்கு அனுப்ப ஆசிரியர்கள் விரும்பினார்கள். பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டர், இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே நிதி இலாகா பரீட்சை எழுதி, 1907-இல் பதினெட்டு வயதில் கல்கத்தாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தார். பகலில் ஆபீஸ். காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் ஆரம்பித்த விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி. பிறகு சர் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியராக அழைத்தபோது, வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று அந்த அறக்கட்டளையின் விதி குறுக்கே நின்றது. அதற்காக நான் போகமாட்டேன் என்று ராமன் மறுத்துவிட்டார். விதியைத்தான் தளர்த்தினார்கள். 1917-இல் பதவி ஏற்றார். அவருடைய முதல் கடல் யாத்திரை 1921-இல்தான். திரும்பும் கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து எழுந்த கேள்விதான், 1928 பிப்ரவரி 28-இல் அதே பௌபஜார் கட்டடத்தில் ராமன் விளைவாக முடிந்தது.

யாரும் வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. என் மருமானையே அனுப்பியிருக்கிறேன். ராமன் கப்பலேறியபோது அவர் கையில் பதினான்கு வருஷத்து வேலை இருந்தது. ஃபெலோஷிப் கொடுக்கிறவர்கள் தேடுவது அதைத்தான். உங்கள் கையில் இப்போது என்ன வேலை இருக்கிறது, அதன் மிச்சத்துக்கு எங்கள் ஊர் ஏன் வேண்டும் என்று கேட்கிறார்கள். மார்க்கு பட்டியலில் இதற்குப் பதில் கிடையாது.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

என் மருமான் இங்கே ரசாயனத்தில் பி.எச்டி. செய்துகொண்டிருந்தான். கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பைபாஸுக்கு அப்பால், சுமார் 12,500 ஹெக்டேர். நம் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் அங்கே போய், வெயிலிலும் பாசியிலும் சுத்தமாகி, மீனாகவும் கறிகாயாகவும் ஊருக்குத் திரும்புகிறது. 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்ற இடம். அந்த மீன்களில் பாதரசம் எவ்வளவு என்பது அவன் ஆராய்ச்சி. ஐயர் வீட்டுப் பையன் விடியற்காலை சைக்கிளில் போய் மீன் வாங்கி வருவான். வாசலிலேயே நிறுத்தி, கிணற்றடி இல்லாத ஃபிளாட்டில் நேரே பாத்ரூமுக்கு அனுப்புவாள் அவன் பாட்டி. அது தனிக் கதை.

ஒன்பது மாத ஆராய்ச்சி ஃபெலோஷிப் ஒன்றுக்கு அவன் விண்ணப்பித்தான். 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்' எழுதி என்னிடம் காட்டினான். இங்கிலீஷ் சுமார்தான். நான் முப்பது வருஷம் வாத்தியார் அல்லவா? கை சும்மா இருக்குமா? ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். தாகூரை முதல் வரியில் வைத்தேன். மனித குலத்தின் க்ஷேமம், நிலைத்த வளர்ச்சி என்றெல்லாம் போட்டேன். சைக்கிளையும் மீன்காரரையும் எடுத்துவிட்டேன், கௌரவமாக இல்லை என்று.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைக் காட்டி இதற்கு என்ன அர்த்தம் என்றார் குழுவில் ஒருவர். அது என் வாக்கியம். குழந்தை திணறியிருக்கிறான். அடுத்தவர் கேட்டார்: குளம் கொல்கத்தாவில், மீன் கொல்கத்தாவில், நீ எதற்கு எங்கள் நாட்டுக்கு வர வேண்டும்? அவனிடம் நல்ல பதில் இருந்தது. பாதரசம் மீனுக்குள் எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மெத்தில் பாதரசமாக இருந்தால் ஆபத்து பல மடங்கு. அதைப் பிரித்து அளக்கும் வசதி அவன் லாபில் இல்லை, அங்கே இருந்தது. அந்த ஒரு வரியை, ரொம்ப டெக்னிக்கலாக இருக்கிறது என்று நான் அடித்திருந்தேன்! காகிதத்தில் இல்லாததைச் சொல்லலாமா என்று தயங்கி, நான் எழுதிய மனித குலத்தையே அவன் ஒப்பித்துவிட்டான்.

கிடைக்கவில்லை. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அக்காதான் சொன்னாள். "நீ எழுதினது நன்னாத்தாண்டா இருந்தது. ஆனா அதுல எங்க குழந்தையைக் காணுமே!"

அடுத்த வருஷம் அவனே எழுதினான். காலை ஐந்து மணி சைக்கிளில் ஆரம்பித்தான். "இத்தனை வருஷமா மீனை எடுத்துண்டு போறியே, என்ன இருக்குன்னு எங்களுக்குச் சொல்வியா?" என்று மீன்காரர் வங்காளியில் கேட்டதை எழுதினான். அளக்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்து அவருக்குப் பதில் சொல்வதே நோக்கம் என்று முடித்தான். என்னிடம் காட்டவே இல்லை. கிடைத்த பிறகுதான் படித்தேன். இரண்டு இலக்கணப் பிழை இருந்தது.

இப்போது கம்ப்யூட்டரே நொடியில் எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். என் காரியத்தை அது இன்னும் சுத்தமாகச் செய்கிறது. நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் குழந்தைகள்தான்.

சிபாரிசுக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். துணைவேந்தரைத் தெரியும் என்று மாமா ஒருவர் சொல்வார். அவருக்கு உங்களைத் தெரியுமா என்பதுதான் கேள்வி. லாபில் உங்கள் பக்கத்தில் நின்ற ஆசிரியர் போதும். அவருக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். கடைசி தேதிக்கு முந்தின நாள் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்கும் நான் எழுதியிருக்கிறேன், ஆனால் அவை நல்ல கடிதங்கள் அல்ல. மார்க்கு பட்டியல் நகல்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நம் ஊரில் பூஜை வந்துவிட்டால் எந்த ஆபீஸிலும் ஆள் இருக்காது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தொந்தரவு: இனிஷியல். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் எஸ். ரமேஷ், டிகிரியில் ரமேஷ் எஸ்., பாஸ்போர்ட்டில் சுப்ரமணியன் ரமேஷ் என்று மூன்று பேர் இருப்பார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரே குடும்பப் பெயராகி, முன்னால் 'எஃப்.என்.யூ.' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். நாள் நட்சத்திரம் பார்த்து, காதில் மூன்று முறை ஓதி வைத்த பெயர்! விண்ணப்பத்துக்கு ஒரு வருஷம் முன்பே எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி செய்துகொள்ளுங்கள்.

பெற்றோர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது இனிமேல்தான். ஃபுல்பிரைட் போன்ற ஃபெலோஷிப்பில் அமெரிக்கா போகிறவர்களுக்கு ஜே-1 விசா. முடித்த பிறகு மொத்தம் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தால்தான் ஹெச்-1, கிரீன் கார்டு முதலியவற்றுக்குத் தகுதி. பிரிட்டிஷ் அரசின் செவனிங்கிலும் இரண்டு வருஷம் திரும்பி வந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. இதில் ஒளிவு மறைவு கிடையாது, காகிதத்திலேயே இருக்கிறது. நாம்தான் கடிதத்தில் 'காங்கிராஜுலேஷன்ஸ்' என்ற வார்த்தையோடு நிறுத்திவிட்டு ஸ்வீட் வாங்கப் போகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், தங்கமான பெண், இப்படிப் போய்ப் படித்தாள். அங்கேயே வேலையில் இருக்கும் பையனுக்கு நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் இங்கே, அவன் அங்கே. 'சொல்லாமல் மறைத்துவிட்டார்கள்' என்று சம்பந்தி வீட்டில் பேச்சு. யாரும் மறைக்கவில்லை, யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பழி அந்தப் பெண் தலையில் விழுந்தது. பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் விசாப் பொருத்தத்தையும் பார்த்தால் நல்லது. சிரிக்கிறீர்கள், நான் நிஜமாகவே சொல்கிறேன்.

என் அபிப்ராயத்தில் அந்த நிபந்தனை நியாயமானதே. இந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் இடையே போய் வர ஆள் வேண்டும் என்றுதான் பணம் கொடுக்கிறார்கள். என் மருமான் திரும்பி வந்து இரண்டு வருஷமும் இங்கேதான் இருந்தான். குழந்தை அங்கேயே தங்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், பல்கலைக்கழகமே உதவித்தொகை கொடுக்கும் பி.எச்டி. இடத்துக்கு முயற்சி செய்யுங்கள். அது வேறு வழி, வேறு விசா.

ஃபுல்பிரைட் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1950 முதல் நடக்கும் திட்டம் இது; 2008 முதல் ஃபுல்பிரைட்-நேரு என்று நம் அரசும் செலவில் பங்கு கொடுக்கிறது. தகுதி, வயது, கடைசி தேதி எல்லாம் மாறக்கூடியவை. அந்தந்த வருஷத்து அறிவிப்பை மட்டும் நம்புங்கள், என்னைக்கூட நம்ப வேண்டாம்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். லேக் மார்க்கெட் பக்கம்தான் என் வீடு, இங்கே பலருக்குத் தெரியும். விண்ணப்பம் எழுதிய குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம். படித்துவிட்டு எங்கே புரியவில்லை என்று சொல்கிறேன். காபி உண்டு. பேனாவை மட்டும் என் கையில் கொடுக்காதீர்கள். அதை வாசலிலேயே வாங்கி வைக்கச் சொல்லி அக்கா உத்தரவு.