தீவகம் தந்த பெரியோர்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பண்ணைத் தாம்போதியால் வந்தால் முதலில் எதிர்ப்படுவது எங்கள் மண்டைதீவு. ஆனால் தீவகத்துப் பெரியோர் என்றதும் எல்லோரும் கரம்பனுக்குப் போய்விடுவார்கள். சரிதான், 1913இல் அங்கே பிறந்த தனிநாயகம் அடிகள்தான் 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முன்னின்றவர். பிறகு புங்குடுதீவின் மு. தளையசிங்கம், சு. வில்வரத்தினம். ஆட்களில்லாமற்போன ஊரை வில்வரத்தினம் பாடியதை வாசித்தபோது எங்கள் ஒழுங்கைகள்தான் எங்கள் கண்ணில் வந்தன.

இந்தப் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை, பார்த்தீர்களா? எங்களுக்கு அரிவரி படிப்பித்த ரீச்சர்மாரின் பெயர்களை எழுதலாமென்றால், 1990 இடப்பெயர்வோடு பழைய இடாப்புகளும் போய்விட்டன. எந்த நாட்டில் இருந்தாலும், நினைவிலுள்ள பெயர்களை எழுதி அனுப்புங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாங்கள் கூப்பிட்ட பெயர் போதும்.