ஓவர்டைம் லாபமா, நட்டமா?



ராசா வட்டாரத்திலும் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் நாம் போகுமிடமெல்லாம் ஒரே கேள்வி: "கூடுதல் நேரம் உழைத்தால் அரசாங்க உதவித்தொகை குறைந்துவிடுமாமே, அப்புறம் ஏன் உழைக்க வேண்டும்?" பெரட்டில் பேசிக்கொள்கிறார்கள், கடைத்தெருவிலும் பேசிக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான் இல்லை. இன்று போட்டுப் பார்ப்போம்.

எஸ்.டி.ஆர். என்னும் ரஹ்மா ரொக்க உதவி, கணவன் மனைவி இருவருடைய வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது. 2025ஆம் ஆண்டுத் திட்டப்படி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் மாத வருமானம் 2,500 வெள்ளிக்குள் இருந்தால் ஆண்டுக்கு 2,000 வெள்ளி. அதைத் தாண்டி 5,000 வரை இருந்தால் 1,000 வெள்ளி. அதற்கும் மேலே போனால் ஒன்றுமில்லை. சாய்வாக இறங்கும் பாதையல்ல இது, படிக்கட்டு.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அதை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு.

கணவருக்கு 1,700, பகுதி நேர வேலை பார்க்கும் மனைவிக்கு 700, ஆக 2,400 என்று வைத்துக்கொள்வோம். கணவர் மாதம் 8 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் வருமானம் 2,498. உதவி குறையாது, ஆண்டுக்கு 1,177 வெள்ளி கையில் நிற்கும். ஒரே ஒரு மணி கூடினால், 9 மணி நேரமானால், கோடு தாண்டிவிடும். ஆண்டுக்கு 1,324 வெள்ளி கூடுதலாக வரும், 1,000 வெள்ளி போகும். மிஞ்சுவது 324. நூற்றெட்டு மணி நேர உழைப்புக்கு மணிக்கு மூன்று வெள்ளி! கேள்வி கேட்டவர் சொன்னது இந்த இடத்தில் உண்மைதான்.

ஆனால் குழி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். 9 முதல் 14 மணி வரைதான். பதினைந்தில் மேலே ஏறிவிடுகிறோம். மாதம் 24 மணி நேரம் செய்பவர், உதவியில் போனதைக் கழித்தபின்னும், ஆண்டுக்கு 2,531 வெள்ளி கூடுதலாகப் பெறுகிறார். கணவன் மனைவி இருவரும் முழுச் சம்பளம் வாங்கினால் 3,400. அடுத்த கோடான 5,000 எட்ட மாதம் 130 மணி நேரத்துக்கும் மேலே ஓவர்டைம் வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு எதற்குப் பயம்?

பால் வெட்டுவோருக்குக் கணக்கு வேறு. நிறையைப் பார்த்துக் கூலி வாங்குவோர் ஓய்வு நாளில் வெட்டினால் அந்தக் கூலி விகிதம் இரட்டிப்பாக வேண்டும். கிடைக்கிறதா என்று செக்ரோலைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சீட்டில் எழாமல் கையில் கொடுத்துவிடுகிறோம், உதவியும் நிற்காது" என்று யாராவது தேன் தடவிப் பேசினால் ஏமாறாதீர்கள். விண்ணப்பத்தில் வருமானத்தை மறைப்பது நம் தலையில் விழும். அதோடு, ஓவர்டைமுக்குச் சேமநிதி பிடிப்பதில்லை என்றாலும் சொக்சோ கணக்கில் அது சம்பளம்தான். வேலையில் அடிபட்டுப் படுத்தால் நாட்கூலியில் 80 விழுக்காடு தருவது சொக்சோ. சீட்டில் இல்லாத காசுக்கு அங்கே மதிப்பில்லை.

கிராணி நண்பர்களே, ஓவர்டைம் மணியைச் சம்பளச் சீட்டில் தனி வரியாக எழுதுங்கள். எழுத்துத் தெரியாத வயதானவர்களுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பங்கள் மூன்று மாதச் சீட்டுகளோடு வந்தால், எட்டு மணியில் நிறுத்துவதா, பதினைந்தைத் தாண்டுவதா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்லுகிறோம்.