நம் மக்கள் எந்நகரிற் குடியிருப்பது?

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



"சென்னை செலவு மிக்க ஊர், பயமும் மிக்க ஊர். மதுரை, திருச்சி, கோயமுத்தூர் ஆயின் பிள்ளையை அனுப்பலாம்" என்று நம்மவர் இல்லந்தோறும் பேசக் கேட்கிறோம். பெண்மக்கள் விஷயத்தில் இப்பேச்சே தீர்ப்பாகிவிட, கைக்கு வந்த உத்தியோகத்தை இழந்தவரும் நம்மிடையே உளர். ஆதலின் இதனைச் சற்று ஆராயத் துணிந்தோம்.

முதலிற் பயத்தை எடுத்துக்கொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள 19 பெருநகரங்களே ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிற் சென்னையும் கோயமுத்தூருமே அவற்றுட் சேர்ந்தவை. மதுரையும் திருச்சியும் அப்பட்டியலில் இல்லை; ஆகவே அவை சென்னையினும் பத்திரமானவை என்பார்க்கு அதில் ஆதாரமில்லை. அன்றியும், விகிதம் வகுக்கக் கொண்டது 2011-ஆம் ஆண்டின் ஜனக் கணக்கு. இடையிற் பெருகிய ஊரின் விகிதம் உள்ளதினும் மிகுந்து தோன்றுவது இயல்பன்றோ? இன்னும், அங்கே எண்ணப்படுவன பதிவான வழக்குகள். புகாரைத் தயங்காது பதியும் ஊர் கணக்கிற் கெட்ட ஊராகும்; புகார் சொல்லப் பெண்கள் அஞ்சும் ஊர் நல்ல ஊராகும்! குற்றம் பெருகுவது வேறு, பதிவு பெருகுவது வேறு என்று அக்காப்பகமே எச்சரித்துள்ளது.

இனிச் செலவு. சென்னையில் வாடகை அதிகம் என்பதை மறுப்பாரில்லை. வாடகையினும் முதல் நாளே குடும்பத்தைத் தள்ளாடச் செய்வது முன்பணம். 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், மாறான உடன்படிக்கை இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. 'உடன்படிக்கை' என்னும் அவ்வாசல் வழியே பத்து மாதம் கேட்பாரும் நுழைந்துவிடுகின்றனர். தண்ணீரையும் மறத்தலாகாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் நீர் வந்தது. லாரி நீருக்குக் கொடுத்த பணம் எவ்வாடகைச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

எம் தமையனார் மகளுக்குக் கிண்டியில் வேலை கிடைத்தபோது, வாடகை மலிவென்று தாம்பரத்துக்கு அப்பால் வீடு பிடித்தோம். மின்சார ரயிற் கட்டணம் சொற்பமே. ஆயின் வேலை முடிந்து அவள் இரவு பத்து மணிக்கு இறங்குவாள். நிலையத்திலிருந்து வீடுவரை விளக்கில்லாத வழி. ஒருநாள் எவனோ பின்தொடர, பெட்டிக்கடைக்காரர் ஒருவர் வீடுவரை துணைவந்தார். மறுநாள் முதல் ஆட்டோ; வாடகையில் மிஞ்சியது அதற்கே போயிற்று. தமையனாரோ அவள் வீடு சேர்ந்த செய்தி வருமளவும் உறங்கார். பின்னர் வேலைக்கு அருகே மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீடெடுத்தனர். வாடகை கூடிற்று, மாதச் செலவு கூடவில்லை. முந்தைய வீட்டைத் தேர்ந்தவர் யாமே. ஊரைப் பழித்து என்ன பயன்?

நான்கு நகரங்களிலும் வாழும் அங்கத்தினர்கள் தத்தம் தெருவின் வாடகை, முன்பணம், நீர்ச்செலவு, கடைசிப் பேருந்தின் நேரம், தெருவிளக்கு, அண்மையிலுள்ள மகளிர் காவல் நிலையம் ஆகியவற்றை எழுதியனுப்பினால் நம் பத்திரிகையில் வெளியிடலாம். இவ்வாண்டு விருந்துச் செலவிற் பாதியை, வேலைக்குச் செல்லும் நம் பெண்களுக்கு முன்பணக் கடனாகக் கொடுக்கலாமென்பதும் எம் விண்ணப்பம். விருந்தை விரும்புவோர் எம்மைக் கோபிப்பர்; ஆயினும் இதனை இன்றே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரவர்களை வேண்டுகிறோம்.